ஹெரால்டின் இரைச்சல்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேத்தியின் கல்லூரிச் சேர்க்கை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. அம்பாசடரின் வானொலி இரைகிறது என்றும், இரைச்சலை அடக்கும் பாகங்கள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றிவிடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். சற்றுப் பொறுங்கள். அதே வேலையைச் செய்துதான் இந்தக் கோடையில் வீண் செலவு செய்தேன்.

என்னுடைய பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வண்டலூரில் தயாரான 948 சி.சி. வண்டி என்பது உங்களுக்குத் தெரியும். அதில் திருச்சி நிலையத்தை 936 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், செய்தி வாசிப்பவரின் குரலுக்கு மேல் தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடிப்பதைப் போன்ற சத்தம் கேட்கும். வேகம் கூடினால் அதனுடன் ஒரு ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும். நான் யோசிக்காமல், இரைச்சலை அடக்கும் சிறு மின்பாகங்களான கண்டன்சர்கள் மூன்றை வாங்கி வந்தேன். பழக்கமான மெக்கானிக் ஒருவர் அவற்றில் ஒன்றை, பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் சி.பி. முனையில், அதாவது மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டுக்குப் போகும் முனையில், பூட்டிவிட்டார். பாயிண்டுக்கு ஏற்கெனவே ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருக்கும்போது, அதனுடன் இன்னும் 1 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் பிளக்கின் தீப்பொறி சோர்ந்துவிடும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வண்டி மேம்பாலம் ஏற மறுத்தது. அந்தக் கண்டன்சர் இருக்க வேண்டிய இடம், சாவியிலிருந்து மின்சாரம் வந்து சேரும் எஸ்.டபிள்யூ. முனை.

அதன் பிறகே காதைக் கொண்டு சோதித்தேன். வானொலியை நேரடியாக பேட்டரியில் இணைத்து, எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, சாவியை மட்டும் அணைத்தேன். கடுகுச் சத்தம் அந்தக் கணமே நின்றது. ரீங்காரமோ எஞ்சின் ஓய்வதோடு இறங்கி இறங்கி அடங்கியது. முதலாவது பிளக்குகளின் பொறியால் வருவது, இரண்டாவது டைனமோவினுடையது.

பிளக் ஒயர்களை மீட்டரில் வைத்துப் பார்த்தபோது முள் பூஜ்யத்தில் நின்றது. யாரோ எப்போதோ கரித்தண்டு ஒயரை எடுத்துவிட்டுச் செம்புக் கம்பி ஒயரைப் போட்டிருக்கிறார்கள். பார்க்கத் தடிமனாக, அழகாகவே இருந்தது! அதை எடுத்துவிட்டு, ஆயிரக்கணக்கான ஓம் தடை காட்டும் ஒயர்களைப் போட்டதுமே கடுகுச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. டைனமோவின் பழைய கண்டன்சர் மட்டும் உண்மையிலேயே கெட்டிருந்தது; ஓரத்தில் மெழுகு கசிந்து, தூசி அப்பிக் கருத்துப் போயிருந்தது. புதியதை டைனமோவின் மின்சாரம் வெளியே வரும் டி முனையில் இணைத்தேன். அதன் ஃபீல்டு சுருளுக்கான எஃப் முனையில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இணைத்துவிடாதீர்கள். டைனமோவின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாயிண்டுகள் தீய்ந்துவிடும். கண்டன்சரின் கிளிப் அமரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்த பிறகே திருகை முடுக்குங்கள். வண்டியின் இரும்போடு தொடர்பு, அதாவது எர்த், சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்டன்சரும் பயன்படாது.

ஹெரால்டின் பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும் என்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் இடையே பின்னல் கம்பிப் பட்டை ஒன்றையும் போட்டேன். எஞ்சியிருந்த மெல்லிய இரைச்சலும் குறைந்தது.

நீங்களும் முதலில் சாவியை அணைத்துப் பார்த்து, சத்தம் உடனே நின்றதா, மெல்ல அடங்கியதா என்று எழுதுங்கள். மெல்ல அடங்கினால் கடைக்குப் போக வேண்டாம். அவசரப்பட்டு வாங்கிய கண்டன்சர்களில் ஒன்று இன்னும் என் அலமாரியில் பிரிக்காமலே கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்