படியில்லாத படகு எழும்பாது: கையேட்டுப் பதிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் மாணவர் விமானக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பழைய அமெரிக்க விமான நிறுவனமான கர்ட்டிஸைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டினோம். முதற்பதிப்பிலேயே பிழையைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தோம். கடிதம் கிடைத்தது, ஆவன செய்வோம் என்று நீங்களும் பதில் போட்டிருந்தீர்கள். படம் அப்படியே இருக்கிறது. அட்டை மாறியிருக்கிறது, தாள் உயர்ந்திருக்கிறது, பறக்கும் படகின், அதாவது தண்ணீரிலிருந்து எழும் படகு வடிவ விமானத்தின், அடிப்பாகம் மட்டும் மூக்கிலிருந்து வால் வரை ஒரே வழவழப்பாக ஓடுகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அடியில் படிக்கட்டு போல வெட்டிய படி உள்ள சரியான படத்தைப் போடுங்கள். ஏற்கெனவே புத்தகம் போய்ச் சேர்ந்த பள்ளிகளுக்கு ஒரு பிழைதிருத்தத் தாள் அனுப்புங்கள்.

இது வெறும் வரலாற்றுப் படமாக இருந்திருந்தால் இவ்வளவு வருத்தப்பட மாட்டோம். அதைத்தானே வெட்டி ஒட்டிச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள்! பிள்ளைகள் தெர்மகோலை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மோட்டாரும் பேட்டரியும் வாங்கிப் பூட்டுகிறார்கள். அப்படிச் செய்த மாதிரி விமானம் தண்ணீரில் அழகாக மிதக்கிறது. மோட்டாரைக் கூட்டினால் ஓடுகிறது. அதோடு சரி. பின்பக்கம் தண்ணீரை விடுவதே இல்லை. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரை முழுக்க இழுத்தால் மூக்கு கொஞ்சம் நிமிர்கிறது, வால்பக்கம் இன்னும் ஆழமாக உட்காருகிறது, வேகம் குறைகிறது. கரைக்கும் கரைக்கும் ஓட்டி ஓட்டி மோட்டார் சூடாகி, பேட்டரி இறங்கிப்போகிறது. தான் எங்கோ ஒட்டத் தவறிவிட்டோம் என்றே அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். புத்தகத்தில் போட்ட படம் தவறாக இருக்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றுமா?

ஏன் எழும்பவில்லை என்பது உங்கள் குழுவில் உள்ள பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. நிற்கும்போது படகைத் தாங்குவது மிதப்பு. ஓட ஆரம்பித்ததும் அடிப்பலகையில் மோதும் தண்ணீர் அதை மேலே தள்ளும்; படகு மெல்ல மேலேறி நீர்ப்பரப்பில் வழுக்க வேண்டும். அந்த நிலைக்குப் போகுமுன் தண்ணீரின் எதிர்ப்பு உச்சத்துக்கு ஏறி, பிறகு தணியும். அடிப்பாகம் வழவழவென்று பின்னால் மேல்நோக்கி வளைந்திருந்தால், தண்ணீர் அந்த வளைவோடு ஒட்டிக்கொண்டே போய்ப் படகைக் கீழே இழுக்கும். குழாய்த் தண்ணீரில் கரண்டியின் முதுகைக் காட்டினால் கரண்டி தண்ணீருக்குள் இழுபடுமே, அதே இழுப்பு. போதாததற்கு, இறக்கையின் தூக்குவிசை கூட வேண்டுமானால் மூக்கு உயர வேண்டும். மூக்கு உயர்ந்தால் நீளமான பின்பாதி தண்ணீரில் அழுந்தும். அடிப்பாகத்தை நடுவில் குறுக்காக வெட்டி, பின்பாதியைச் சற்று உயர்த்தி அமைத்தால் தண்ணீர் அந்த விளிம்போடு பிரிந்துவிடும், காற்று உள்ளே புகும், நனையும் பரப்பு குறையும், விமானம் அந்த விளிம்பை ஊன்றி மூக்கைத் தூக்கும். ஸ்டெப் என்று விமானக்காரர்கள் சொல்லும் படி இதுதான்.

கிளென் கர்ட்டிஸ் இந்தப் படிக்கு வந்து சேர்ந்த கதைதான் அவருடைய நிறுவனத்தின் தொடக்க வரலாறே. 1908இன் இறுதியில் நியூயார்க் மாநிலத்தில் ஹாமண்ட்ஸ்போர்ட் ஊரை ஒட்டிய கியூகா ஏரியில், 'ஜூன் பக்' விமானத்தின் அடியில் இரண்டு மிதவைகளைக் கட்டி, 'லூன்' என்று பெயர் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது, எழவில்லை. 1910 மார்ச் 28இல் பிரான்சில் ஆன்றி ஃபாப்ர் தண்ணீரிலிருந்து எழுந்து காட்டினார். கர்ட்டிஸ் எழுந்தது 1911 ஜனவரி 26இல், சான் டியாகோ விரிகுடாவில். அது பறக்கும் படகு அல்ல. வழக்கமான, பின்னால் ப்ரொப்பெல்லர் வைத்த விமானத்தின் அடியில் மிதவை கட்டியது. ஓட்டுபவர் திறந்த வெளியில் உட்கார்ந்திருந்தார். பிறகு 12 அடி நீளம், 2 அடி அகலம், 12 அங்குல ஆழத்தில், தட்டையான அடியோடு ஒரே மிதவையாக மாற்றினார். அதே ஆண்டு பிப்ரவரி 17இல் 'பென்சில்வேனியா' போர்க்கப்பலின் பக்கத்தில் போய் இறங்கி, கிரேனால் கப்பலுக்கு ஏறி, மறுபடி தண்ணீருக்கு இறங்கித் திரும்பினார். ஜூலை 1இல் அமெரிக்கக் கடற்படையின் முதல் விமானமான ஏ-1 கியூகா ஏரியில் பறந்தது.

ஓட்டுபவரையே உள்ளே உட்கார வைக்கும் முழுப் படகு அதற்கு அடுத்த கட்டம். 1912 ஜனவரியில் சான் டியாகோவில் சோதித்த முதல் படகு தேறவில்லை. அந்தக் கோடையில் கியூகா ஏரிக்கு வந்த இரண்டாம் படகும் முதலில் உங்கள் படத்தில் இருப்பது போலத்தான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அடியில் மரக்கட்டைகளை ஆப்பாக அறைந்து படி உண்டாக்கிய பிறகே எழுந்தது. அமெரிக்க விமானத் துறையின் காலியர் விருது, 1911க்கானது மிதவை விமானத்துக்கும், 1912க்கானது பறக்கும் படகுக்கும் என இரண்டு தடவை அவருக்குக் கிடைத்தது. இந்தப் பதினெட்டு மாத வேலையை "1911: முதல் பறக்கும் படகு" என்று ஒரே வரியில் சுருக்கி, அதன் மேலே எழும்பாத படகை வரைந்து வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. மாதிரி எழும்பாவிட்டால் பெரிய மோட்டார் போடச் சொல்லிக் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதையும் எடுத்துவிடுங்கள். பறக்கும் படகில் மோட்டார் உயரத்தில் இருக்கிறது. விசையைக் கூட்டக் கூட்ட அது மூக்கைத் தண்ணீருக்குள்தான் அழுத்தும். 1914இல் அட்லாண்டிக்கைக் கடக்கவென்று கர்ட்டிஸ் கட்டிய 'அமெரிக்கா' படகுக்கு இதேதான் நேர்ந்தது. உயரத்தில் 90 குதிரைத்திறன் இயந்திரங்கள் இரண்டு. விசையைத் திறந்ததும் முன்பகுதி அழுந்தியது. முன்பாதியின் இருபுறமும் அகலம் சேர்த்துத்தான் சமாளித்தார்கள். அதற்குள் போர் மூண்டு, பயணம் நின்றுபோனது.

பிள்ளைகளுக்குத் தேவையான அளவுகள் இவ்வளவுதான். அடிப்பாகம் 10 செ.மீ. அகலமென்றால் படியின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கட்டும். படி விழும் இடம் ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழேயோ, 1 செ.மீ. பின்னாலோ வர வேண்டும். அதிகம் பின்னால் போனால் மூக்கு தூக்காது. முன்னால் வந்தால் படகு ஓடும்போதே துள்ளும். படிக்குப் பின்னால் உள்ள அடிப்பாகம் 6 முதல் 8 பாகை மேலே ஏறட்டும். படியின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். பிள்ளைகள் உப்புத்தாளால் அதையும் உருட்டிவிடுவார்கள், அல்லது செல்லோ டேப்பை அதன்மேல் இழுத்து ஒட்டிவிடுவார்கள்; உருண்ட விளிம்பில் தண்ணீர் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பக்கத்து இரட்டை மிதவை மாதிரிக்குக் கொள்ளளவே கொடுக்கவில்லை. 1.2 கிலோ எடையென்றால் இரண்டு மிதவைகளும் சேர்ந்து குறைந்தது 2.2 லிட்டர் வேண்டும். இதோடு, சலனமே இல்லாத கண்ணாடித் தண்ணீரில் சரியான மாதிரி கூட எழச் சிரமப்படும், மெல்லிய அலை இருக்கும் நேரம் பார்த்து விடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் பலருடைய மனச்சோர்வு மிச்சமாகும்.

தமிழில் வரும் அறிவியல் புத்தகங்கள் எல்லாவற்றின் மேலும் எங்களுக்கு இந்த மனத்தாங்கல் உண்டு. யார் முதல், எந்த நாள், எந்த விருது என்பதோடு நின்றுவிடுகிறோம். எது ஏன் ஓடவில்லை, என்ன மாற்றியதும் ஓடியது என்று எழுதுவதில்லை. உங்கள் அத்தியாயத்தில் ரைட் சகோதரர்களுடனான காப்புரிமை வழக்குக்கு இரண்டு பக்கம்; படகின் அடிப்பாகத்துக்கு ஒரு வரி இல்லை. மிதவைகளையும் படகுகளையும் ஆராய்ந்து வடிவமைத்த கடற்படைப் பொறியாளர் ஹோல்டன் ரிச்சர்ட்சனின் பெயரே இல்லை. 1919 மே மாதம் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அசோர்ஸ் தீவுகள் வழியாக லிஸ்பன் போய்ச் சேர்ந்த என்.சி.-4 பறக்கும் படகுக்கு அடிப்படகு வடிவமைத்தவர் அவர். கடைசிப் பத்தியில் ரைட் நிறுவனம் கர்ட்டிஸை விலைக்கு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். 1929இல் நடந்தது இணைப்பு. கர்ட்டிஸ்-ரைட் என்று பெயரிலேயே கர்ட்டிஸ்தான் முன்னால் நிற்கிறது. ஆர்வில் ரைட் தன் நிறுவனத்தை 1915இலேயே விற்றுவிட்டார். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தொலைதூரக் கதையும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் வந்திறங்கிய காட்டலினா பறக்கும் படகுகளின் அடியிலும் இந்தப் படி இருந்தது.

கோபத்தில் அதிகம் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இப்படியொரு கையேடு கொண்டுவர வேறு யாரும் முன்வரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் மறுபடியும் கேட்கிறோம்: படத்தை மாற்றுங்கள், பள்ளிகளுக்குப் பிழைதிருத்தத் தாள் அனுப்புங்கள். படத்தை நாங்களே வரைந்து, மிதக்கவிட்டுச் சோதித்துத் தருகிறோம். பணம் எதுவும் வேண்டாம். தாளில் படத்துக்குப் பக்கத்திலேயே 10 செ.மீ. அளவுகோல் ஒன்றையும் அச்சிட்டுவிடுங்கள். நகலெடுக்கும்போது படம் சுருங்கினால் பிள்ளைகள் வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மாதிரி விமானம் கட்டுவோர் சிலர்