நியூட்ரான் மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

காந்தப் பொருள்கள் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஒரு இடத்தில்தான் இடித்தது. எலக்ட்ரான் ஸ்பின்களின், அதாவது எலக்ட்ரான்களுக்குள்ள குட்டிக் காந்தங்களின், ஊசலாட்டத்தை நியூட்ரான்களை வைத்துத்தான் பார்க்க முடியும், என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வேதியியலுக்கும் ஸ்கேனுக்கும் உரியது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். அந்த ஊசலாட்டத்தை என்எம்ஆர் வைத்து அளப்பதுதான் என் பிழைப்பு.

பொடியாக்கிய மாதிரியைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள், 7 டெஸ்லா காந்தப்புலம், திரவ ஹீலியக் குளிர். செம்பு-63 அணுக்கரு அங்கே சுமார் 79 மெகாஹெர்ட்சில் பதில் சொல்லும். (செம்பைத் தேடும்போது செம்புக் கம்பியில் சுருள் சுற்றினால் அதுவும் சேர்ந்து சிக்னல் கொடுக்கும். வெள்ளிக் கம்பி வேண்டும் என்று கணக்குப் பிரிவில் மல்லுக்கட்டியது தனிக் கதை.) ரேடியோ துடிப்பால் அணுக்கருக்களைக் கலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும் நேரத்தை அளக்கிறோம். சுற்றியுள்ள எலக்ட்ரான் ஸ்பின்களின் ஊசலாட்டம் அந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் திரும்பும். 1956-லேயே ஜப்பானிய இயற்பியலாளர் டோரு மோரியா இதற்குக் கணக்கு போட்டுவிட்டார்.

இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்ற மீகடத்தியை (குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) எடுத்துக்கொள்ளுங்கள். அது மீகடத்தியாக மாறும் வெப்பநிலைக்கு மேலே, திரும்பும் வேகத்தை வெப்பநிலையால் வகுத்துப் பார்த்தால், குளிரக் குளிரச் செம்பில் அது ஏறுகிறது. அதே அணுத் தளத்தில், பக்கத்திலேயே இருக்கும் ஆக்சிஜனில் அப்படி ஏறுவதில்லை. காரணம், ஆக்சிஜன் இரண்டு செம்புகளுக்கு நடுவில் இருக்கிறது. இந்தச் செம்பின் ஸ்பின் மேலே என்றால் அந்தச் செம்பினுடையது கீழே. இரண்டின் புலமும் ஆக்சிஜனில் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆக, அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக ஊசலாடுகின்றன என்பது நியூட்ரான் இல்லாமலே தெரிந்துவிடுகிறது.

நியூட்ரானுக்கு இருக்கும் பலம் இதற்கு இல்லைதான். ஊசலாட்டத்தின் அலைநீளத்தைப் பிரித்துக் காட்டுவது அதுதான். ஆனால் அதற்குப் பெரிய படிகமும் அணு உலையோ முடுக்கியோ வேண்டும். வழக்கமாக அது பார்ப்பது மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவு ஆற்றலுள்ள வேகமான அசைவு. நாங்கள் கேட்பது மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே, மிக மெதுவான அசைவு. ஸ்பின்கள் ஒழுங்காக நிலைகொள்ளும் காந்த மாற்றம் நெருங்கும்போது ஊசலாட்டம் இன்னும் மந்தமாகி, சில பொருள்களில் சிக்னலே காணாமல் போய்விடும். புதிதாக வருபவர்கள் கருவி பழுது என்று பயப்படுவார்கள். அப்புறம் பார்த்தால், அளவீட்டின் முக்கியமான தகவலே அதுதான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு பத்தியாவது இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு என்எம்ஆர் ஆய்வாளர்