சபைப் பதிவேட்டில் எங்கள் பெயர்: சேகரக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர்களுக்கும் ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளான சேகரத்தை நடத்தும் குழு அங்கத்தினர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

நான் ஒரு திருநங்கை. திருநெல்வேலிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகக் கோவிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்து, சபையின் முழு அங்கத்தினளாக்கும் திடப்படுத்தலும் பெற்றவள். இப்போது சென்னையில் ஒரு சபையின் அங்கத்தினள். அங்கே எனக்குக் கிடைத்ததை உங்கள் சபைக்கு வரும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கோவில்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவதுதான் வழக்கம். என்னைப் போன்றவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையின் முதல் சங்கடமே அதுதான். ஆண்கள் பக்கம் போனால் சிரிப்பு. பெண்கள் பக்கம் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். அதனால் வாசல் பக்கம் நின்றே ஆராதனையைக் கேட்டுவிட்டு, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் கிளம்பிப் போகிறவர்கள் எங்களில் உண்டு. யாரும் விரட்டவில்லை என்பதால், எல்லாரையும் ஏற்றுக்கொள்கிறோம் என்றே சபை நம்பிக்கொண்டிருக்கிறது.

சென்னையில் அந்தச் சபைக்குப் போன புதிதில் நானும் கடைசி பெஞ்சின் ஓரத்தில்தான் இருந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாமாலைப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்மா. நீ பாடு, நான் உன்னக் கேட்டுக் கேட்டுப் பாடுறேன்" என்றார். என் குரல் கட்டையானது. பாடினால் நாலு தலை திரும்பும் என்று பயந்து, கோவிலில் வாய் திறப்பதையே விட்டிருந்தேன். அன்றைக்குப் பாடினேன். தலைகள் திரும்பத்தான் செய்தன. அந்த அம்மா நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை.

ஆனால் இது என் சபை என்ற நினைப்பு அந்த அன்பால் மட்டும் வந்துவிடவில்லை. கைப்பிடி அரிசிக் காணிக்கையை அளந்து கணக்கு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்களே, அப்போதுதான் வந்தது. பெண்கள் தினமும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்த அரிசி அது. டப்பாவிலும் துணிப்பையிலும் கொண்டுவருவார்கள். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்திருக்கும். படியால் அளந்து நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பொருளாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இரக்கப்பட்டு யாரும் யாரிடமும் கணக்கு நோட்டைக் கொடுப்பதில்லை. பிறகு கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. அசனம் என்கிற சபை விருந்துக்கு முந்தின ராத்திரி அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிற கூட்டத்தோடு உட்கார்ந்தேன். யார் வீட்டுக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை என்று விடியவிடியப் பேச்சு. என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. "வெங்காயத்த இன்னும் பொடிசா வெட்டு" என்றுதான் சொன்னார்கள்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் கீத பவனியில் ஒரு வீட்டார் நான் உள்ளே வரக் கூடாது என்றார்கள். பாடகர் குழுத் தலைவர், "வந்தா எல்லாரும் வருவோம், இல்லன்னா அடுத்த வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த வீட்டுக் காணிக்கை போனதைப் பற்றி இன்றுவரை எங்கள் குழுவில் யாரும் முணுமுணுத்ததில்லை.

'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, சபையாரின் மனம்தான் புண்படும்' என்று நீங்கள் சொல்லக்கூடும். இந்தப் பேச்சு நம் சபைகளில் புதிதல்ல. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மாட்டோம் என்று பலர் விலகிப் போனார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த மாற்றங்களை எதிர்த்தார். அன்றைக்கு மனம் புண்பட்டவர்களின் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று உங்களில் யாராவது இன்று சொல்வீர்களா? பெண்களின் குருப்பட்டத்துக்கும் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் 1976-இல் நம் திருச்சபை எலிசபெத் பால் என்ற பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது; 2013-இல் புஷ்பலலிதா நந்தியாலில் பேராயரானார். சாதி கோவிலைவிட்டு முழுதும் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சபையார் மனம் மாறட்டும் என்று காத்திருந்து எதுவும் மாறவில்லை. யாராவது முதலில் முடிவெடுத்தார்கள், மனம் பின்னால் வந்தது.

வேதத்தை எடுத்தும் பேசுவீர்கள். ஏசாயா 56-ஆம் அதிகாரத்தை ஒரு தரம் சபையில் வாசித்துப் பாருங்கள். ஆண்மை நீக்கப்பட்ட அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்ல வேண்டாம் என்கிறார் கர்த்தர். தம் ஆலயத்துக்குள் குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உள்ளதைவிட மேலான இடத்தையும் அழியாத நாமத்தையும் தருவேன் என்கிறார். என்னைக் கட்டிப்போட்டு ஜெபித்துப் பிசாசு ஓட்டப் பார்த்த ஒரு ஜெப வீட்டில், அந்த அதிகாரத்தை மட்டும் யாரும் திறக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். எங்களை நாங்கள் வாழும் பெயரில் சபைப் பதிவேட்டில் எழுதுங்கள். 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் எங்கள் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது; தமிழ்நாடு அரசு அதற்கு ஆறு வருஷம் முன்பே, 2008-இல், எங்களுக்கு நல வாரியம் அமைத்தது. தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயர், கோவிலில் இன்னொரு பெயர் என்று நாங்கள் இருக்க வேண்டியதில்லை. பெண்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். திருநம்பிகளுக்கு ஆண்கள் பக்கத்தில். வேலை கொடுங்கள்: பாடகர் குழுவில், ஓய்வுநாள் பள்ளியில், கமிட்டியில்.

கல்லறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் தோழி ஒருத்தி இறந்தபோது அவள் வீட்டார் வந்து உடலைக் கொண்டுபோனார்கள். முடியை வெட்டி, சட்டை வேட்டி போட்டு, அவள் சிறுவயதிலேயே உதறிய பெயரைச் சொல்லி அடக்க ஆராதனை நடந்தது. அவளோடு சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்த நாங்கள் காம்பவுண்டுக்கு வெளியே நின்றோம். அங்கத்தினராக அவள் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்திருந்தால், அந்தக் குருவானவர் எந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பது என்று கேட்டாவது பார்த்திருப்பார்.

உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். பேசுவதற்கு முன், உங்கள் சேகர எல்லைக்குள் வாழும் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கோவில் வேலைகளைப் பார்க்கும் குட்டியாரைக் கேட்டால் தெரியும்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
சென்னைச் சபையொன்றின் அங்கத்தினள்