உலக்கை கேட்கும் பிள்ளைகள்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கிரகணத்தில் உலக்கை நிற்பதைப் பற்றிய அறிவியல் பாடச் செய்முறைக்காக இந்த வாரம் உங்கள் பிள்ளை வீட்டில் உலக்கை கேட்பான், கேட்பாள். கொடுத்து உதவுங்கள். இல்லாத வீடுகளுக்காகப் பள்ளியில் இரண்டு இருக்கின்றன. "சாமி நம்பிக்கையைக் கெடுக்கிற பாடமா?" என்று சிலர் கேட்டதால் இந்தக் கடிதம்.

கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை வைத்தால் நிற்கும், கிரகணம் விட்டதும் விழும் என்பார்கள். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போதும் பல ஊர்களில் நிறுத்தினார்கள். நின்றது பொய்யில்லை. மற்ற நாளில் நிற்காதா என்று யாரும் பொறுமையாக நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

நாலடி உலக்கையின் எடை மையம் ஏறத்தாழ இரண்டடி உயரத்தில் இருக்கும். அடிப்பூண் 5 செ.மீ. அகலம் என்றால், இரண்டரை டிகிரி சாய்ந்தாலே அந்த மையம் அடிப்பரப்பைத் தாண்டிவிடும், உலக்கை விழும். அதனால்தான் முதல் நாலைந்து முறை எல்லோருக்கும் விழுகிறது. பூண் தேய்ந்து உருண்ட உலக்கை கிரகணத்திலும் நிற்காது. நடுவில் புடைத்த தாம்பாளமும் ஆகாது.

செய்முறை: ஒரே உலக்கை, ஒரே இடம், ஒரே ஆள். தண்ணீர்த் தாம்பாளத்தில் 10 முறை, காய்ந்த தாம்பாளத்தில் 10, வெறும் தரையில் 10. ஐந்து நொடி நின்றால் 'நின்றது'. இதை மூன்று நாள் செய்ய வேண்டும். அதில் ஒரு நாள் அமாவாசை. விழுந்ததையும் எழுத வேண்டும். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: நின்றதை மட்டும் குறித்துக்கொண்டு வருவார்கள்.

அமாவாசை எதற்கு? சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால்தான் உலக்கை நிற்கிறது என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. அந்தச் சேர்ந்த இழுப்பு அமாவாசைதோறும் உண்டு. கடல் ஏறுவதைக் காசிமேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியானால் அன்றைக்கு உலக்கை கூடுதல் முறை நிற்க வேண்டும். நிற்கிறதா என்று அவர்களே எண்ணட்டும்.

மரபு என்றாலே கண்மூடித்தனம் என்றும் நாங்கள் சொல்லித் தருவதில்லை. 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் வைத்து மனப்பாட வாய்பாட்டாலேயே சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஆங்கிலேயக் கம்பெனிப் படையில் இருந்த வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது. இரண்டு எண்ணையும் வகுப்பில் சொல்கிறோம்.

கிரகணத்தில் சாப்பாட்டில் தர்ப்பை போடுவது, விரதம், தொழுகை, ஜெபம் எல்லாம் உங்கள் வீட்டு வழக்கம். அவை பற்றி வினாத்தாளில் கேள்வி வராது. ஆசிரியரும் கருத்துச் சொல்ல மாட்டார். கடவுள் உண்டா என்பதை உலக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. நிறுத்திப் பார்த்து எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுகிறோம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்லும் கடமைகளில் ஒன்று.

பாட்டியிடம் "நீ சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டு வரும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. பாட்டியையே பக்கத்தில் உட்கார வைத்து எண்ணச் சொன்ன பிள்ளைக்கு உண்டு.

உலக்கை காலில் விழுந்தால் நகம் பெயர்ந்துவிடும். பெரியவர் ஒருவர் அருகில் இருங்கள், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அமாவாசைக்கு அடுத்த திங்கட்கிழமை, உங்கள் கையொப்பத்துடன் தாளைக் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
தண்டையார்பேட்டை, சென்னை