சட்டம் படிக்க எந்த நாடு? அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

லண்டனா, டொரண்டோவா, சிட்னியா என்று கேட்டிருந்தாய். உன் கூட்டாளிகள் சிலருக்கும் இதே யோசனை என்று அக்கா சொன்னாள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். நாட்டை அப்புறம் பார்க்கலாம். எந்த ஊர் கோர்ட்டில் நிற்கப் போகிறாய்? அதை முதலில் சொல்.

நர்சிங் படித்தவளுக்கு எந்த நாட்டிலும் காய்ச்சல் காய்ச்சல்தான். சட்டம் எல்லை தாண்டினால் ஆளே மாறிவிடும். கேரள-தமிழ்நாடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவளுக்கு இது புதிதில்லை. கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தோப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே சட்டம் போட்டு 1976 டிசம்பரில் ஒழித்துவிட்டார்கள். அன்றோடு அவரவர் பங்கு தனித்தனி. தமிழ்நாட்டில், பொள்ளாச்சிப் பக்கம் கூட்டுச் சொத்து அப்படியே நின்றது. 1989-இல்தான் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று திருத்தம் வந்தது, அதுவும் அதற்குள் கல்யாணமாகிப் போனவர்களுக்குக் கிடையாது. 2005-இல் மத்தியச் சட்டம் வரும்வரை இதே கதை. ஒரே தாத்தாவின் தென்னைக்கு இரண்டு கணக்கு. நம் பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர்களுக்கு இன்றும் பாதி வேலை இந்தத் தேதிகளோடுதான்.

இப்போது உன் லண்டன். ப்ளஸ் டூ முடித்ததும் அங்கே 3 வருட எல்எல்பி சட்டப் படிப்பில் சேரலாம் என்று கோயம்புத்தூர் கன்சல்டன்சியில் சொன்னது சரிதான். சொல்லாமல் விட்டது, அந்தப் பட்டத்தோடு திரும்பி வந்தால் இங்கே என்ன ஆகும் என்பதை. இங்கே வக்கீலாவதற்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் கேட்பது, ஒரு டிகிரிக்குப் பிறகு படித்த சட்டப் படிப்பு, இல்லையென்றால் ஒருங்கிணைந்த 5 வருடப் படிப்பு. உன் 3 வருடம் அதற்குப் பத்தாது. 2 வருட பிரிட்ஜ் கோர்ஸ் படிக்க வேண்டும். அப்புறம் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கென்று வைக்கும் தகுதித் தேர்வு, அதற்கு மேல் எல்லாரும் எழுதும் ஏஐபிஇ என்ற அகில இந்திய பார் தேர்வு. பல்கலைக்கழகமும் பார் கவுன்சில் அங்கீகரித்ததாக இருக்க வேண்டும்.

உங்கப்பாவுக்கு இன்னும் காந்தி காலத்துப் பாரிஸ்டர் நினைப்பு. லண்டனில் பாரிஸ்டரானவர் கப்பலிறங்கி வந்து பம்பாய் ஹைகோர்ட்டில் பதிந்துகொள்ளலாம் என்றிருந்த காலம் அது. 1961 வழக்கறிஞர் சட்டம்கூட அந்தச் சலுகையை 1976 டிசம்பர் 31 வரைதான் நீட்டியது.

அங்கேயே இருந்துவிடப் போகிறாய் என்றால் கணக்கு வேறு. இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற வக்கீலாக இப்போது எஸ்க்யூஇ என்ற தேர்வு, 2021-இல் தொடங்கியது. எந்தப் பாடத்தில் டிகிரி இருந்தாலும் எழுதலாம், கூடவே 2 வருட வேலை அனுபவம் வேண்டும். இங்கே 5 வருடம் படித்துவிட்டுப் போகிறவளுக்கும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

அமெரிக்காவை இப்போதைக்கு விட்டுவிடு. அங்கே சட்டம் என்பது ஒரு டிகிரிக்குப் பிறகு படிக்கும் 3 வருட ஜேடி பட்டம். இங்கே வக்கீலான பிறகு ஒரு வருட எல்எல்எம் என்ற மேற்படிப்பை முடித்து நியூயார்க் பார் தேர்வு எழுதுகிறவர்கள் நிறைய. கனடா போனால், வெளியில் படித்தவர்களை எடைபோட என்சிஏ என்றொரு குழு வைத்திருக்கிறார்கள். எந்தெந்தப் பாடத்தைத் திரும்ப எழுத வேண்டும் என்று அவர்கள்தான் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் ப்ளஸ் டூவுக்குப் பின் எல்எல்பி உண்டு, அங்கேயே குடியேறும் எண்ணமிருந்தால் நல்ல வழி. ஜெர்மனியில் ஃபீஸ் குறைவு என்று யாரோ சொன்னார்களாமே? அங்கே வக்கீலாக அரசுத் தேர்வு இரண்டு, இரண்டும் ஜெர்மன் மொழியில். உனக்கு மலையாளத்தில் மனு எழுதவே கண்ணைக் கட்டும்!

என்னைக் கேட்டால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுது, கேரளாவின் சட்ட நுழைவுத் தேர்வையும் எழுது. கொச்சியில் நுவால்ஸ் என்ற சட்டப் பல்கலைக்கழகம் கிடைத்தால் நல்லது, திருச்சூர் அரசு சட்டக் கல்லூரியும் மோசமில்லை. தண்ணீர் வழக்குகள் படிக்க ஆசை என்றாயே, அதற்குத் தோதான ஊர் இதுதான். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருடம் 7.25 டிஎம்சி நம் சித்தூர்ப் புழைக்கு வரவேண்டும். மூலத்தறைத் தடுப்பணையில் தண்ணீர் குறைந்தால் சண்டை எப்படிக் கிளம்பும் என்று நீயே பார்த்திருக்கிறாய். ஐந்து வருடம் கழித்து, சர்வதேச நீர்ச் சட்டத்தில் எல்எல்எம் படிக்க எங்கே வேண்டுமானாலும் போ. அப்போது செலவும் ஒரு வருடத்துக்குத்தான். செவனிங், காமன்வெல்த் என்று உதவித்தொகைகளும் இருக்கின்றன.

லண்டன்தான் என்று நின்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். டெபாசிட் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் கோர்ஸுக்கும் பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கன்சல்டன்சிக்காரரிடம் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. அதுவரை தோப்பை பேங்கில் வைக்கலாம் என்ற பேச்சை உங்கப்பா எடுக்க வேண்டாம். வில்லேஜ் ஆபீசில் அது இன்னும் தாத்தா பெயரில்தான் கிடக்கிறது. போக்குவரவு, அதாவது பெயர் மாற்றம், முடியாமல் எந்த பேங்க்காரனும் தொட மாட்டான்.

அன்புடன்,
மாமா