அரிட்டாபட்டி அப்பத்தாவுக்கு நன்றி

சித்திரை வெயிலில் முதுகுப்பையோடு தனியாக மலை சுற்றப் போனது என் கிறுக்குத்தனம்தான். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, மதுரைப் பக்கத்து அந்த அரிட்டாபட்டி. கழிஞ்சமலையில் சமணர் படுக்கையையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டையும் பார்த்தவரை சரி. அப்புறம் அடுத்த குன்றுக்கு நடந்ததில்தான் வினை. மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தும் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வேப்பமரத்தடியில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்தீர்கள், அப்பத்தா. “ஏய்யா, இந்த வெயில்ல எவனாச்சும் மலையேறுவானா?” முதலில் ஏச்சு. பிறகு துண்டை நனைத்துப் பிடரியில் போட்டீர்கள். “வெறுந்தண்ணியாக் குடிச்சா, வேர்வையில போன உப்பு எங்கிட்டிருந்து வரும்?” என்று உள்ளங்கையிலேயே கல்லுப்பை நுணுக்கி பழைய சோற்று நீச்சத்தண்ணியில் போட்டு, தூக்குவாளி மூடியில் ஊற்றிக் கொடுத்தீர்கள். கடித்துக்கொள்ள இரண்டு சின்ன வெங்காயம். அது உங்கள் மதியச் சாப்பாடு என்பது பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. வெயில் தாழும்வரை எழவே விடவில்லை. அதற்குள் உங்கள் வெள்ளாட்டுக்குட்டி என் பையின் வாரை மென்று முடித்திருந்தது!

பணம் நீட்டியதற்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. பெயர் கேட்காமலே வந்துவிட்டேன். ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் அவரிடம் சொல்லுங்கள்: அடுத்த வாரம் வெற்றிலை பாக்கோடு வருகிறேன், காலை ஆறு மணிக்கே.