மழைக்கு முன் எலி ஓட்டைகளை அடைப்போம்

அனைவருக்கும் வணக்கம். மழை பிடித்தால் சாக்கடை எலிகள் வீட்டுக்குள் வரும். பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் சுண்டெலிக்குப் போதும். சமையல் மேடைக்குக் கீழே, சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பாகப் பிசுக்கு படிந்திருந்தால் அதுதான் எலி வரும் வழி. இரும்பு நார் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள்; துணி, தெர்மாகோல் எல்லாம் ஒரே ராத்திரியில் கடித்துவிடும்.

எலி பேஸ்ட் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும், முறிவு மருந்து கிடையாது. தவழும் குழந்தைகள் இங்கே நிறைய. பொறியில் சுட்ட தேங்காய்ச் சில்லு வையுங்கள்.

அப்புறம், புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். பிளீச்சிங் கரைசல் தெளித்துத் துடையுங்கள்.

ஞாயிறு காலை 8 மணிக்குக் கொத்தனார் வருகிறார். அடைக்க வேண்டியவர்கள் வீட்டு எண்ணை இங்கே போடுங்கள்.